கடைக்கு இடைஞ்சலாக நிற்கும் அந்த இரண்டு பில்லர்கள்

கேள்வி: "ஐயா, சூலூர் பக்கம் மெயின் ரோட்டில் எங்களுக்கு ஒரு மூலை மனை இருக்கிறது. கிழக்கிலும் தெற்கிலும் ரோடு. கீழே கடை, மேலே இரண்டு மாடியும் வாடகை வீடுகள் என்று வேலையை ஆரம்பித்திருக்கிறோம். கட்டடம் 30 அடி அகலம், 45 அடி நீளம். இன்ஜினியர் வரைபடத்தில் 15 அடிக்கு ஒரு பில்லர் வருகிறது. கடைக்குப் பேசியிருக்கும் சூப்பர் மார்க்கெட்காரர், உள்ளே நடுவில் நிற்கும் இரண்டு பில்லர்களையும் எடுத்தால்தான் அட்வான்ஸ் என்கிறார். மேஸ்திரி எனக்கு அண்ணன் முறை. 'கீழே பில்லரை எடுத்துவிட்டு 30 அடிக்குப் பெரிய பீமாகப் போட்டு, முதல் மாடியில் அந்த பீம் மேலேயே பில்லரை ஏற்றிக்கொள்ளலாம்' என்கிறார். இன்ஜினியர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். வீட்டுக்காரர் மஸ்கட்டில். கரிசல் மண். ஃபுட்டிங் குழி ஐந்தடி எடுத்துக் கம்பி கட்டியாகிவிட்டது. கடைக்காரர் பின்னாளில் முதல் மாடியையும் குடோனுக்குக் கேட்கலாம். யார் பேச்சைக் கேட்பது?" – பெயர் வேண்டாம் என்ற வாசகி.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இன்ஜினியர் பேச்சைக் கேளுங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒருவர் சொல்வது உங்களுக்குச் செய்கிற உதவி. கட்டணம் போனாலும் பரவாயில்லை என்று நிற்கிற ஆள் கிடைத்திருக்கிறார், விட்டுவிடாதீர்கள். ஆனால் அவர் மறுத்ததோடு நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது. கடைக்காரருக்கும் இடம் கிடைத்து, மேலே வீடுகளும் பத்திரமாக நிற்க வழி இருக்கிறது. அதற்கு முன், அண்ணன் சொல்லும் யோசனையில் என்ன தவறு என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். அவரிடம் நீங்கள் பேசும்போது கையில் கணக்கு இருந்தால் சொந்தத்துக்குள் மனவருத்தம் வராது.

நடுப் பில்லர் ஒன்று தாங்கும் பரப்பு, நாலு பக்கமும் பாதிப் பாதி தூரம் எடுத்தால், 15 அடிக்கு 15 அடி. ஏறத்தாழ 21 சதுர மீட்டர். ஸ்லாப், தரைப் பூச்சு, டைல்ஸ், செங்கல் சுவர், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்தால் வீட்டு மாடி ஒன்றுக்குச் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் என்று நாங்கள் முதல் மதிப்பீட்டுக்கு வைத்துக்கொள்வோம். மொட்டை மாடிக்குக் கொஞ்சம் குறையும். ஆக, இரண்டாம் மாடித் தளமும் மொட்டை மாடியும் சேர்ந்து ஒரு நடுப் பில்லரில் இறக்கும் பாரம் 35 டன் அளவுக்கு வரும். முதல் மாடியில் பீம் மேல் பில்லரை ஏற்றினால், இந்த 35 டன்னும் 30 அடி பீமின் நட்டநடுவில் ஒரே புள்ளியில் உட்காரும். பாரம் ஏற்றிய பன்னிரண்டு சக்கர லாரி ஒன்றைத் தூக்கி அந்த பீமின் நடுவில் வைத்தது போல. லாரி என்றால் போய்விடும். இது ஐம்பது வருடம் அங்கேயே நிற்கும்.

நீளம் கூடினால் பீமுக்கு வரும் சிரமம் அதே அளவில் கூடுவதில்லை. 15 அடி பீமை 30 அடியாக்கினால், ஒரே மாதிரி பரவிய பாரத்துக்கே வளைக்கும் விசை நான்கு மடங்கு ஆகும். பீமின் கனம் மாறாவிட்டால் தொய்வு பதினாறு மடங்கு. 'பெரிய பீமாகப் போட்டுவிடலாம்' என்று அண்ணன் சொல்லும்போது அவர் மனதில் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கனம் இருக்கும். பீமின் நடுவில் வந்து உட்காரும் அந்த 35 டன் அவர் கணக்கில் வந்திருக்காது. அது அவருடைய தவறில்லை. நல்ல கொத்தனார் கண்ணாலும் கையாலும் கற்றவர், 15 அடி வேலையை நூறு முறை பார்த்திருப்பார். அந்த அனுபவத்தை 30 அடிக்கு நீட்ட முடியாது.

பீம் மேல் நிற்கும் பில்லரை எங்கள் தொழிலில் ஃப்ளோட்டிங் காலம் என்போம், மிதக்கும் தூண். நிலநடுக்கத்துக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 1893, அதன் 2016 பதிப்பில், பக்கவாட்டு விசையைத் தாங்கும் பில்லர்-பீம் சட்டகத்தில் இப்படிப்பட்ட தூண் கூடாது என்றே சொல்கிறது. பெரிய நகரங்களில் கீழே மால், மேலே இருபது முப்பது மாடிக் குடியிருப்பு என்று கட்டும்போது, நடுவில் ஒரு தளம் முழுவதையும் ஆள் உயரப் பீம்களாக ஊற்றிப் பாரத்தை மாற்றி இறக்குவது உண்டு. அதை ஒரு இன்ஜினியர் கணக்கிட, இன்னொருவர் தனியாகச் சரிபார்த்து, கம்பி கம்பியாக எண்ணித்தான் ஊற்றுவார்கள். உங்கள் மூன்று தளக் கட்டடத்துக்கு அந்தச் செலவும் தேவையில்லை, அந்த ஆபத்தும் தேவையில்லை.

கோவையில் நிலநடுக்கமா என்று கேட்பீர்கள். 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியை மையமாகக் கொண்டே ரிக்டர் 6 அளவை ஒட்டிய நடுக்கம் வந்திருக்கிறது. அதே விதிநூலின் 2016 பதிப்பு வரைபடத்தில் கோவை மூன்றாம் மண்டலம். மதுரையும் திருச்சியும் இரண்டாம் மண்டலம். அதாவது, அங்கே கட்டுவதைவிட இங்கே ஒரு படி கூடுதல் கவனம் வேண்டும்.

உங்கள் பில்லர் விவகாரத்தைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது, நீங்கள் கேட்காத ஒரு விஷயம். கீழே கடை, மேலே வீடு என்ற அமைப்பே ஒரு முரண். வீட்டுக்குச் சுவர் வேண்டும், அறைக்கு அறை வேண்டும். கடைக்குச் சுவரே ஆகாது. மேலே இரண்டு மாடியும் செங்கல் சுவர்களால் இறுகி ஒரு பெட்டி போல ஆகிவிடுகிறது, கீழே வெறும் பில்லர்கள். சோளக்காட்டில் காவலுக்குப் பரண் கட்டுவார்களே, அது மாதிரி. ஆனால் பரண் கட்டுகிறவர், கால்களுக்குக் குறுக்கே மறக்காமல் இரண்டு கொம்புகளைச் சாய்த்துக் கட்டுவார். அது இல்லாவிட்டால் ஏறும்போதே பரண் ஆடும் என்று அவருக்குத் தெரியும். நாம் கடை கட்டும்போது அந்தக் குறுக்குக் கொம்பைத்தான் விட்டுவிடுகிறோம். நிலம் பக்கவாட்டில் அசையும்போது மேலே உள்ள பெட்டி நெளியாது. நெளிய வேண்டியது முழுவதும் கீழ்த்தளப் பில்லர்களின் தலையிலும் காலிலும் வந்து சேரும். இதைத்தான் மென்தளம், சாஃப்ட் ஸ்டோரி என்பது.

2001 ஜனவரி 26 காலை குஜராத் கட்ச் பகுதியில் நடுக்கம் வந்தபோது, அகமதாபாத் இருந்தது மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு தூரத்திலும் அங்கே பல அடுக்குமாடிகள் சரிந்தன. விழுந்தவற்றில் நிறைய, கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் பார்க்கிங்குக்குத் திறந்து விட்டவை. மாடிகள் பெரிய சேதமில்லாமல் அப்படியே ஒரு தளம் கீழே இறங்கி உட்கார்ந்த படங்களைப் பார்த்திருக்கிறேன். முதல் மாடி பால்கனி தரையில் இருக்கும், துணி காயப்போட்ட கொடி கூட அறுந்திருக்காது. நசுங்கியது கீழ்த்தளம் மட்டும். அந்தப் படங்களுக்குப் பிறகு, ஷட்டர் கடைகளின் மேல் நிற்கும் வீடுகளை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

உங்களுக்கு மூலை மனை என்பதால் இன்னொன்றும் சேர்கிறது. கிழக்கிலும் தெற்கிலும் ஷட்டர், வடக்கிலும் மேற்கிலும் முழுச் சுவர். இரண்டு பக்கம் விறைப்பு, இரண்டு பக்கம் தளர்ச்சி. அசைவு வந்தால் இப்படிப்பட்ட கட்டடம் நேராக ஆடாது, விறைத்த மூலையைப் பிடித்துக்கொண்டு முறுக்கும். அந்த முறுக்கில் அதிகம் இழுபடுவது ரோட்டு மூலையில் நிற்கும் பில்லர். கண்ணாடி வைக்க வசதியாக இருக்கட்டும் என்று எல்லோரும் மெலிதாக்கச் சொல்வதும் அதே பில்லரைத்தான்.

சரி, வழிக்கு வருவோம். நான் உங்கள் இன்ஜினியர் இடத்தில் இருந்தால் பில்லரை எடுக்க மாட்டேன், நகர்த்துவேன். இப்போது 15, 15 என்று நடுவில் விழும் பில்லர் வரிசையை வடக்குப் பக்கமாக ஐந்தடி தள்ளி, 10, 20 என்று ஆக்கினால் என்ன? வடக்குப் பக்கப் பத்தடிப் பட்டையில் முன்புறம் வீடுகளுக்கான படிக்கட்டு, அதற்குப் பின்னால் பில் போடும் இடம், கடையின் ஸ்டோர், கழிவறை. மீதி 20 அடிக்கு 45 அடி, ஒரு பில்லர்கூட இல்லாத விற்பனை இடம். மேலே வீட்டில் அந்தப் பத்தடிப் பட்டையில் படுக்கையறையும் சமையலறையும் குளியலறையும் இயல்பாகப் பொருந்தும். 20 அடிப் பட்டையை வேண்டியபடி பிரித்துக்கொள்ளலாம். பில்லர் ஃபுட்டிங்கிலிருந்து மொட்டை மாடி வரை ஒரே கோட்டில் ஏறும். 20 அடிக்கு பீமின் ஆழம் ஏறத்தாழ 20 அங்குலம் வரும், 30 அடி என்றால் 30 அங்குலம் தொடும். சரியான அளவை இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும், ஆனால் நீளத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்ப்பது எங்கள் கைக்கணக்கு.

கடைக்காரரிடமும் ஒரு விஷயம் பேசுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் ரேக் வரிசை மூன்றடி அகலத்துக்கு வரும். ஓரடி அகலப் பில்லர் அந்த வரிசைக்குள் நின்றால் வாடிக்கையாளர் கண்ணுக்கே தெரியாது. பிஸ்கட் ரேக்குக்கும் சோப்பு ரேக்குக்கும் நடுவே தலையை மட்டும் காட்டும். அவருடைய ரேக் வரைபடத்தை வாங்கி இன்ஜினியர் மேசையில் விரித்தால், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். நான் பார்த்தவரை, பில்லர் வேண்டாம் என்று சொல்பவர்களுக்கு உண்மையில் வேண்டாதது, வண்டி தள்ளும் நடைபாதையில் நிற்கும் பில்லர்தான்.

பரணின் குறுக்குக் கொம்புக்கு வருகிறேன். தெற்கு முகப்பில் இரண்டு ஷட்டருக்கு இடையே வரும் பில்லர் ஒன்றை, முகப்போடு ஒட்டிய நாலடி நீளக் கான்கிரீட் சுவராக மாற்றச் சொல்லுங்கள். கிழக்கு முகப்பில் படிக்கட்டை ஒட்டி இன்னொன்று. இரண்டும் அடியிலிருந்து மாடி வரை விடாமல் ஏற வேண்டும். வடக்கு, மேற்குச் சுவர்களின் விறைப்புக்கு எதிர்த்தட்டில் இவை நிற்பதால் முறுக்கு குறையும். எத்தனை, எவ்வளவு நீளம் என்பது கணக்கில் தெரியும். கடைக்காரருக்கு அந்த நாலடிச் சுவர் பெயர்ப்பலகைக்கு ஆகும். மாடிச் சுவர்களைச் செங்கல்லுக்குப் பதில், காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான ஏஏசி பிளாக்கில் கட்டினால் சுவரின் எடை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகிவிடும். மேலே பாரம் குறைந்தால் நடுக்கத்தின்போது கீழே வரும் விசையும் அந்த அளவுக்குக் குறையும்.

பில்லர் அளவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நம்மூரில் ஒன்பது அங்குலச் சுவருக்குள் மறைய வேண்டும் என்று ஒன்பது அங்குலத்தில் போடும் பழக்கம் இருக்கிறது. மூன்றாம் மண்டலத்துக்கான கம்பி விவர விதி, ஐஎஸ் 13920, பில்லரின் எந்தப் பக்கமும் 300 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. சுவரைவிட்டு மூன்று அங்குலம் வெளியே தெரியட்டும், அலமாரி வைத்து மறைத்துக்கொள்ளலாம்.

கம்பி கட்டும் இடத்தில் நீங்களே போய்ப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பில்லரைச் சுற்றிப் போடும் ரிங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் இரண்டு முனைகளும் மூலைக் கம்பியைச் சுற்றி உள்பக்கமாக, பில்லரின் நடுவை நோக்கிச் சாய்வாக மடங்கியிருக்க வேண்டும். 135 டிகிரி. பெரும்பாலும் 'ட' மாதிரி நேராக மடித்து விட்டிருப்பார்கள். மேல்பூச்சு உதிர்ந்தால் அப்படி மடித்த ரிங் கழன்று விரியும், உள்ளே இருக்கும் கான்கிரீட்டைப் பிடித்து வைக்க ஆளில்லை. பிறகு டேப்பை எடுத்து, பில்லரின் அடியிலும் தலைப்பக்கத்திலும் ஒன்றரை அடிக்குக் குறையாத உயரத்துக்கு ரிங் இடைவெளியை அளந்து பாருங்கள். அங்கே 100 மி.மீ., அதாவது நாலு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் பில்லர் அளவுக்கு அதைவிட நெருக்கமாகவும் தேவைப்படலாம். நடுவில் கொஞ்சம் அகலலாம். மேலிருந்து கீழ் வரை எட்டு அங்குலம் என்று ஒரே சீராகப் போட்டிருந்தால், வேலையை நிறுத்தி இன்ஜினியருக்குப் போன் செய்யுங்கள். கடைத்தளம் உயிர் பிழைப்பது அந்த ஒன்றரை அடியில்தான். அண்ணனிடம் 'நான் பார்க்க வருகிறேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். மரியாதையாகவும் இருக்கும், வேலையும் சரியாக நடக்கும்.

முதல் மாடியைக் குடோனுக்குக் கேட்கலாம் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகம் பயம் தந்த வரி அது. கட்டடத்தின் சொந்த எடை போக, ஆட்களும் சாமானும் மட்டும் தரும் பாரத்தைப் புழக்கப் பாரம் என்போம். வீட்டுத் தளத்தை நாங்கள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ புழக்கப் பாரத்துக்குக் கணக்கிடுகிறோம். சில்லறைக் கடைத் தளம் என்றால் 400 கிலோ. கீழ்த்தளக் கடை மண்மேல் நேரடியாக உட்காருவதால் அங்கே எவ்வளவு அடுக்கினாலும் பில்லருக்குக் கவலையில்லை. மாடி அப்படியில்லை. அரிசி மூட்டையை ஐந்தடி உயரத்துக்கு நெருக்கி அடுக்கினால் சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவைத் தாண்டும். வீட்டுத் தளத்தின் புழக்கப் பாரத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

தென் கொரியாவின் சியோலில் சாம்பூங் என்ற பல்பொருள் அங்காடி 1995 ஜூன் 29 அன்று இடிந்து 502 பேர் இறந்தார்கள். குண்டு இல்லை, நடுக்கம் இல்லை. முதலில் வேறு உபயோகத்துக்குத் திட்டமிட்டுப் பாதியில் அங்காடியாக மாற்றிய கட்டடம் அது. எஸ்கலேட்டருக்காகப் பில்லர்களில் கை வைத்தார்கள். ஐந்தாவது தளத்தைக் கூட்டி, தரையைச் சூடாக்கும் உணவகங்களைக் கொண்டுவந்தார்கள். மொட்டை மாடியில் இருந்த கனமான குளிர்சாதன இயந்திரங்களை இழுத்து இடம் மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றமும் அந்தந்த நேரத்தில் வியாபாரத்துக்கு அவசியமாகத்தான் தோன்றியிருக்கும். உங்களிடம் இப்போது வந்திருப்பதும் அப்படி ஒரு கோரிக்கை. குடோன் வரும் வாய்ப்பு நிஜமாகவே இருந்தால், இன்றைக்கே இன்ஜினியரிடம் சொல்லி முதல் மாடித் தளத்தையும் அதைத் தாங்கும் பில்லரையும் ஃபுட்டிங்கையும் அதற்கேற்பக் கணக்கிடச் சொல்லுங்கள். அப்படிச் செய்யாவிட்டால், வாடகை ஒப்பந்தத்தில் மாடியில் சரக்கு வைக்கக் கூடாது என்று எழுதிவிடுங்கள். இடையில் நிற்காதீர்கள்.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் வேண்டும். இன்ஜினியர் எழுத்துமூலம் சம்மதிக்காமல் பில்லர், பீம், ஸ்லாப் எதிலும் துளையிடக் கூடாது. திருப்பூர்ப் பக்கம் ஒரு துணிக்கடையின் மாடி வீட்டில் சுவர் விரிசல் விடுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். மாடியில் ஒன்றும் புரியவில்லை. கீழே கடைக்குள் ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றைத் தூக்கி டார்ச் அடித்தேன். பில்லரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பீமின் வயிற்றில் நாலு அங்குலத்துக்கு வட்டமாக ஒரு துளை. ஏசி பைப்புக்காகக் கோர் கட்டிங் மெஷினில் போட்டது. துளையின் ஓரத்தில் இரண்டு ரிங் கம்பிகள் வெட்டுப்பட்டுப் பளபளவென்று தெரிந்தன. பீம் வெட்டு விசையை அதிகம் தாங்குவது பில்லரை ஒட்டிய அந்த இடத்தில்தான். மேலே குடியிருந்தவர்கள் இரண்டு வருடம் அந்த விரிசலுக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலையே முட்டுக் கொடுத்தோம். கீழே சீலிங்குக்குள் நடப்பது மேலே தூங்குகிறவருக்குத் தெரியாது. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் நீங்கள், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கரிசல் மண்ணைப் பற்றிச் சுருக்கமாக. ஐந்தடி போதும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். கரிசல் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்தப் பாளம் எவ்வளவு ஆழம் போகிறதோ அதற்கும் கீழே, சரளையோ சுக்கான்பாறையோ தட்டும் இடத்தில் ஃபுட்டிங் உட்கார வேண்டும். உங்கள் மனையில் அது எத்தனை அடியில் என்பது சாயில் டெஸ்ட் செய்தால்தான் தெரியும். இரண்டு இடத்தில் துளை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டி மண் ரொம்ப ஆழத்தில் இருந்தால் கரிசலுக்கென்றே உள்ள அண்டர் ரீம்டு பைல் முறைக்கு, அதாவது அடியில் குமிழ் போல விரிந்த கான்கிரீட் தூண்களை ஆழத்தில் இறக்கும் முறைக்குப் போகலாம்.

படிக்கட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாடியில் குடியிருப்பவர்கள் ஏறி இறங்கும் படி, கடைக்குள் எந்தக் கதவும் இல்லாமல் நேராக ரோட்டில் திறக்க வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் கடையின் அட்டைப்பெட்டிகளையோ இன்வெர்ட்டர் பேட்டரிகளையோ வைக்க விடாதீர்கள். இரவில் கீழே புகை கிளம்பினால், மேலே இருக்கிற குழந்தைகளுக்கு இறங்க அந்த ஒரு வழிதான்.

இப்போது செய்ய வேண்டியது. ஃபுட்டிங் கான்கிரீட்டுக்குக் குறித்த நாளைத் தள்ளிவையுங்கள். கட்டிய கம்பி பத்து நாள் வெயிலில் கிடந்தால் ஒன்றும் ஆகாது, மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள். சாயில் டெஸ்ட் அறிக்கை கைக்கு வந்ததும் இன்ஜினியர், அண்ணன், கடைக்காரர் மூவரையும் ஒரே நேரத்தில் மனைக்கு வரவழையுங்கள். 10, 20 கோட்டைச் சுண்ணாம்புப் பொடியால் தரையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் அதற்குள் நடந்து பார்க்கட்டும், ரேக் எங்கே, பில் கவுண்டர் எங்கே என்று அவரே காட்டட்டும். நடு வரிசையின் நாலு குழிகளை மூடித் தள்ளி எடுக்க வேண்டியிருக்கும், கம்பியையும் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். அந்தக் கூலியை அண்ணன் கேட்பதற்கு முன்னால் நீங்களே கொடுத்துவிடுங்கள். மஸ்கட்டுக்கு இந்தக் கடிதத்தையே அனுப்பலாம். புதிய வரைபடம் தயாரானதும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன்.